கோடு வரை தண்ணீர்

அளவு ஜாடியைச் சரியாகப் பார்க்கத் தெரியாத பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் பள்ளமாக இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இவர்கள் நின்றபடியே எட்டிப் பார்த்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். நீ அப்படியில்லை, மினெகிஷி. அந்த வருடம் ஏழாம் வகுப்பில் நீ ஒருவன்தான் தரையில் மண்டியிட்டுப் பார்த்தாய். இன்று போலீஸ்காரனாக என் எதிரே உட்கார்ந்திருக்கிறாய். எனக்குப் பெருமைதான்.

என் அக்கா தகாயே மாரடைப்பில் போய்விட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனிக்காலத்தில் வயதானவர்கள் வெந்நீர்த் தொட்டியிலேயே இறந்துபோவது நம் ஊரில் புதிதல்ல. நீயும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாய்.

தொட்டியின் உட்புறத்தில் இருக்கும் நீலக்கோடு நான் போட்டது. அதுவரை தண்ணீர் நிரப்பினால், அக்கா கழுத்தளவு உட்காரும்போது விளிம்பு வரை ஏறும். ஒரு சொட்டு வழியாது. அவளுடைய கன அளவு, கழுத்துவரை, நாற்பத்தாறு லிட்டர். மற்றவர்கள் கண்ணளவில் நிரப்பிக்கொள்வார்கள். என்னால் முடியாது.

"டீச்சர், தண்ணி வழிஞ்சு தரையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. அவ்வளவும் வெளிய போச்சுன்னா, அவங்களை எடுத்தப்புறம் உள்ள கொறையணுமே? நீங்க சொல்லிக் குடுத்ததுதான். கரெக்டா கோட்டுல நிக்குதே, எப்படி?" என்று கேட்டாய். கொஞ்சம் பொறுத்து, "உங்க தலை ஏன் ஈரமா இருக்கு?" என்றும் கேட்டாய்.

நல்ல கேள்விகள். பழக்கதோஷம் என்பதுதான் பதில். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். மூத்தவள் முதலில் ஊறுவாள், பிறகு இளையவள். எழுந்து வருபவர் குறைந்ததை நிரப்பி, சூடு போகாமல் மூடிவைக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அக்கா ஊறிய தண்ணீரில்தான் நான் ஊறினேன். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வகுப்பறையில் மட்டும் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. வருகிற மார்ச்சில் எனக்கு ஓய்வு. இன்னும் ஐந்து வருடம் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்கத் தலைமையாசிரியர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்திருக்கிறார். அக்காதான் எடுத்தாள். இன்று சாயங்காலம் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, முதுகு தேய்க்க என்னைக் கூப்பிட்டபோது சொன்னாள்.

"அடியே சிஸுரு, ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ அங்க போய்க் கிழிச்சது போதும். வீட்ல கெட."

"சரிக்கா" என்றேன். முதுகைத் தேய்த்தும் முடித்தேன்.

கல்லின் கன அளவு எடுக்கும்போது ஒன்றைச் சொல்லுவேன், ஞாபகமிருக்கிறதா? நூலில் கட்டி மெதுவாக இறக்க வேண்டும். முழுக்க மூழ்க வேண்டும். கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் எல்லாம் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குமுன் அளவெடுத்தால் தப்பாகிவிடும்.

தலையையும் சேர்த்தால் ஐம்பது லிட்டர் வரும் என்று கணக்கிட்டிருந்தேன். அவள் கையையும் காலையும் உதறியதால் அது சரியாக வரவில்லை. பிறகு அவளை வெளியே எடுத்துப் படுக்கவைத்துத் துண்டு போர்த்தினேன். கோடு வரை நிரப்பினேன். தண்ணீர் நல்ல சூடாக இருந்தது. அதில் நான் ஊறினேன், தலையும் முங்கினேன். ஒரு சொட்டு வழியவில்லை. மூடிவைத்துவிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆத்திரத்தில் செய்ததாக எழுதாதே, மினெகிஷி. எனக்கு அக்காமேல் கோபமே கிடையாது. கடைசிக் குமிழி மேலே வரும்வரை கையை எடுக்காமல் காத்திருந்தேன், அதற்கப்புறம் நூறு எண்ணினேன். கோபக்காரிக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா, நீயே சொல்.