ஆள் இல்லாத கம்ப்யூட்டர்

— டீ வேணாம் அமலண்ணே. கோலா கெத்தில்லேர்ந்து பஸ் மாறி மாறி மெர்கோங் வந்தது டீ குடிக்கவா? அந்த மொட்டக் கடுதாசில என் பேரு எப்படி வந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க.

— அதான் சொல்லிக்கிட்டு இருக்கேனே செரீனா. எஸ்டேட் ஆபீஸ்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் இருக்கு. அந்த மெயில் பதினேழாம் நம்பர்லேர்ந்து போயிருக்கு. அலோர் ஸ்டார் ஹெட் ஆபீஸ்ல பதினேழு யாருன்னு தேடியிருக்காங்க. நம்ம சர்வர் ‘செரீனா’ன்னு சொல்லிருச்சு.

— நான் உக்காந்தது முப்பத்தொண்ணு. ஜனவரில நீங்கதானே என்னப் புது மேசைக்கு மாத்துனீங்க?

— நாந்தான். உன் பழைய பதினேழத் தூக்கி ஸ்டோர் ரூம்ல வச்சேன். ஆமா, நீ எழுதலதானே?

— மேனேஜரும் மொதல்ல இதத்தான் கேட்டாரு. நீங்க மேல சொல்லுங்க.

— ரெண்டு புஸ்தகம்னு வச்சுக்கயேன். ஒண்ணுல பேரச் சொன்னா நம்பர் வரும். இன்னொண்ணுல நம்பரச் சொன்னா பேரு வரும். ஒண்ணத் திருத்துனா மத்தது தானா திருந்தாது.

— நீங்க ஒண்ணதான் திருத்துனீங்க.

— ரெண்டையும் தொட்டேன் லா. ரெண்டாவதுல பதினேழுக்குப் புதுசா ஒரு வரி போட்டேன். உன் பேரு இருந்த பழைய வரிய அழிக்க மறந்துட்டேன்.

— அப்ப ரெண்டு பதில் வந்திருக்கணுமே?

— வரணும். ஆனா ஸ்டோர்ல நிலையா யாரும் உக்கார மாட்டாங்க. என்ன பேரு போடறதுன்னு தெரியாம, பேரு போட வேண்டிய எடத்துல அந்த நம்பரையே போட்டு விட்டுட்டேன். பதினேழு யாருன்னு கேட்டா பதினேழுன்னு பதில். தேடற புரோகிராம் இதெல்லாம் ஒரு பேரான்னு அந்த வரியத் தூக்கிப் போட்டுரும். மிச்சம் நீதான்.

— நல்லா இருக்குண்ணே. ஒரு பேரு யோசிக்க உங்களுக்குச் சோம்பல். அதுக்கு எனக்கு வேல போச்சு. என் வேலைக்குக் குடுத்த வீடு, மாசக் கடைசில காலி பண்ணணும். எங்கம்மா இருமிக்கிட்டே சட்டி பான கட்டிக்கிட்டு இருக்கு.

— அம்மா இன்னும் தோட்டத்துல மருந்து அடிக்கப் போகுதா?

— போகுது. கையுற கெடையாது, மூக்குக்குப் பழைய துணி. கடுதாசில அதானே இருந்துச்சு? பதினொரு பொம்பளைங்க பேரு, யாருக்கு எந்த எடத்துல புண்ணு, எல்லாம் இருந்துச்சு. அதப் பத்தி ஒருத்தரும் கேக்கல. எழுதினது யாரு, அது மட்டும்தான் வேணும் அவங்களுக்கு. திங்கக்கிழம மறு விசாரண. நீங்க வந்து சொல்லணும்.

— நானா? எனக்கு உருப்படியா இருக்கிறது இந்த எஸ்டேட் காண்ட்ராக்ட் ஒண்ணுதாம்மா. ஏழு மாசமா தப்பாக் கெடந்துச்சுன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா?

— ஞாயித்துக்கிழம மாதா கோயில்ல முன் பெஞ்சுல நின்னு பாடுவீங்களே, அந்தச் சத்தத்துல பாதி போதும்.

— குத்திக் காட்டாத. சரி, வரேன். திருப்பிக் கேட்டுப் பாத்தீங்களான்னு கேப்பேன். செரீனாவோட நம்பர் எதுன்னு கேட்டா முப்பத்தொண்ணுன்னு வரும். போன வழியிலயே திரும்பி வரலன்னா அந்தப் பேர நம்பக் கூடாது. அத அவங்க பாக்கவே இல்ல. அஞ்சு நிமிஷத்துல உன் பேர எடுத்துரலாம்.

— எடுத்துட்டு?

— அப்புறம் என்ன, மறுநாள் வேலைக்குப் போ.

— அப்ப பதினேழு யாருன்னு மறுபடி கேப்பாங்க.

— கேக்கட்டும். ஸ்டோர் சாவி ராமையா இடுப்புலதானே தொங்குது? அவரச் சொல்லிருவோம்.

— ராமையா மாமாவுக்குக் கம்ப்யூட்டர் தொறக்கவே தெரியாதுண்ணே.

— யாரையாவது பிடிச்சு எழுதச் சொன்னாருன்னு வச்சுக்குவாங்க. அவரு சம்சாரமும் மருந்து அடிக்குதுல்ல, பொருந்திப் போகும். அந்தாளு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. உனக்கு என்ன வயசு?

— இருவத்தாறு.

— அப்பப் பாத்துக்க. நீ கேட்டதத்தானே செய்யறேன்.

— அண்ணே, மேசைய மாத்துன அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— யாருக்கு லா ஞாபகம் இருக்கு? என்ன சொன்னேன்?

— ‘இனி இதுல யாரு பேரும் இல்ல, பேய் வந்து தட்டுனாலும் கண்டுபிடிக்க முடியாது’ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அத நம்பித்தாண்ணே ராமையா மாமாகிட்டச் சாவி வாங்கி, அந்தப் பதினொரு பேரையும் அதுல உக்காந்து நான் தட்டினேன்.