பதினான்காம் எண் வீடும் என் பித்தளைப் பூட்டும்

அவைக்குத் தலைமை ஏற்று, அளந்து பேசும்படி எனக்கு முன்கூட்டியே கண்ணைக் காட்டிவிட்ட ஹாஜி அப்துல் பாரி அவர்களே! சங்கத்தின் செயலாளர், சட்டம் தவறாத என் அன்புத் தம்பி தேவராஜ் அவர்களே! மாவ்பியிலிருந்தும் கியாக்தானிலிருந்தும் விடியலிலேயே பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் ஆயிரம் வேலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கேட்டுவிட்டுப் பர்மியத்தில் கிசுகிசுக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் யாங்கோன் அலோன் பேட்டை இரும்புக்கடை உஸாமாவின் சலாமும் வணக்கமும் உரித்தாகுக.

மைக் கத்துகிறது. கத்தட்டும். நான் பேசி முடிப்பதற்குள் வேறு சிலரும் கத்துவார்கள்.

சற்று முன் தேவராஜ் தம்பி ஒரு தாளை வாசித்தார். தேன் சொட்டும் குரல், தெளிந்த தமிழ். நீங்களும் தலையாட்டினீர்கள். எதற்குத் தலையாட்டினோம் என்று யோசித்தீர்களா?

நாட்டின் வடகோடியில் இருக்கும் புதாவோவுக்கும் வடக்கே நம்ஷாங் என்றொரு மலையூர். நிலச்சரிவில் வீடிழந்த தொல்குடி மக்களுக்கு அங்கே அறுபது வீடுகள் கட்டினோம். நிலம் அரசாங்கத்துடையது. மரமும் தகரமும் நம் சங்கத்துடையவை. பராமரிக்கும் பொறுப்பும் நம் தலையில். அந்த அறுபதில் பத்தொன்பது வீடுகள் காலி என்கிறது இந்தத் தாள். நீங்கள் கை தூக்கினால் வருகிற முதல் தேதி அந்தப் பத்தொன்பதும் கைமாறும். யாருக்கு? ‘தகுதியுள்ள பிறருக்கு’ என்று எழுதியிருக்கிறது. யார் அந்தப் பிறர்? பெயர் உண்டா? ஊர் உண்டா? முகம் உண்டா? முப்பது வருஷமாக ஆணியும் கீலும் விற்கிறேன். முகம் தெரியாதவனுக்கு ஒரு பிடி ஆணிகூட அனுப்பியதில்லை. பத்தொன்பது வீட்டை அனுப்பச் சொல்கிறீர்கள்!

சரி, அந்த வீடுகள் காலி என்று யாங்கோனில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எப்படித் தெரியும்? மாதம் ஒருமுறை நம் ஏஜெண்ட் மலையேறுவார். ஒவ்வொரு கதவையும் போனில் படம் எடுத்து அனுப்புவார். கதவில் பூட்டு தொங்கினால் ஆள் இருக்கிறது. மூன்று மாதம் பூட்டு தொங்காவிட்டால் வீடு காலி. இதுதான் விதி.

சிரிக்காதீர்கள். அந்த விதியை எழுதியவன் நான்.

ஆம், நானேதான்! திறந்த கதவைக் கண்டால் என் போன்ற வியாபாரிக்கு நெஞ்சு பதறும். வாழ்கிறவன் பூட்டுவான், ஓடிப்போனவன் திறந்துபோட்டுப் போவான் என்றுதான் எனக்குத் தெரியும். அறுபது பித்தளைப் பூட்டுகளை நானே அன்பளிப்பாக அனுப்பினேன். இதே மேடையில் பொன்னாடை போர்த்தினீர்கள். கைதட்டினீர்கள். எனக்கும் உள்ளம் குளிர்ந்தது.

இந்தத் தாளிலுள்ள காலி வீட்டுப் பட்டியல் வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. யார்மீது? வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த மலைமக்கள்மீது. என் பூட்டுகளை விற்றுத் தின்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்கப் புறப்பட்டேன். புதாவோ வரை விமானம், அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் இரண்டு நாள் நடை. வழியில் அட்டை குடித்த இரத்தத்தை இரத்த வங்கிக்குக் கொடுத்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

பதினான்காம் எண் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருக்கிறது. குறுக்கே ஒரு மூங்கில் கழி. உள்ளே அடுப்பில் கங்கு கனன்றுகொண்டிருக்கிறது, பானையில் அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது, கொடியில் துணி காய்கிறது. இதுவா காலி வீடு? வெளியே காத்திருந்தேன். முதுகில் விறகுக்கூடையோடு ஒரு பெண்மணி வந்தார். டோ நாங் சின், என் வயதுக்காரர். அந்த நிலச்சரிவில் கணவரைப் பறிகொடுத்தவர். பர்மியத்தில்தான் பேசினோம்.

“ஏம்மா, வீட்டைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டீங்களே?”

“கழி வெச்சிருக்கேனே, பாக்கலியா? காட்டுக்குப் போயிருக்கேன், வந்துருவேன்னு அர்த்தம். சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“நான் அனுப்பின பூட்டு எங்க?”

“ஓ, பூட்டுக்கார ஐயா நீங்கதானா! எங்க ஊர்ல, ஆளு செத்து, கும்பிட யாருமத்துப் போன வீட்டைத்தான் இறுக்கி அடைப்போம். உசிரோட இருக்கறவ வீட்டுக்கு அதை மாட்டலாமா? நான் பன்னிக்கூண்டுல மாட்டியிருக்கேன். நல்ல பூட்டு.”

இதோ, தாய்மார்கள் வரிசையில் நம் எல்லோருக்கும் அக்காவான மைமூன் ராத்தா எழுந்துவிட்டார். என்ன ராத்தா?

“ஏன் வாப்பா உஸாமா, அன்னிக்கு அந்தப் பொன்னாடைய உனக்குப் போத்துனதுக்கு அந்தப் பன்னிக்குப் போத்தியிருக்கலாமே!”

போர்த்தியிருக்கலாம் ராத்தா, அதுவாவது நன்றியோடு உறுமியிருக்கும்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் அங்கே நின்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “வீட்டைவிடப் பன்னிதான் பெருசா?” என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை.

“பன்னியைத் திருடுவாங்க. வீட்டை யாரு ஐயா திருடுவா?”

என் சட்டைப் பையில் அந்தப் பட்டியலின் நகல் இருந்தது. அதில் பதினான்காம் எண் இருந்தது. அதற்குக் கீழே, சங்கத்தின் வீட்டுக் குழு உறுப்பினர் உஸாமா என்று என் கையெழுத்தும் இருந்தது. வீட்டை யார் திருடுவார் என்று என்னையே கேட்கிறார்! அந்தப் பட்டியலைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

அதற்குப் பிறகுதான் என் சந்தேகம் சரியான திசைக்குத் திரும்பியது. பூட்டிய வீடுகளையும் பார்த்தேன். பல வீடுகளில் ஏஜெண்டுக்குப் பயந்து, படம் எடுக்கும் நாளில் மட்டும் பூட்டை மாட்டி, அவர் போனதும் கழற்றி எறிகிறார்கள். ஐந்து வீடுகள் நிரந்தரமாகப் பூட்டியிருந்தன. சன்னல் இடுக்கில் மூக்கை வைத்தேன். மனித வாடை இல்லை, ஏலக்காய் வாடை! மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. நம் தாளில் அந்த ஐந்தும் ‘குடியிருப்பு உண்டு’. மனிதர் வாழும் வீடு காலியாம், மூட்டை வாழும் வீடு குடித்தனமாம்! இன்னும் பத்தொன்பது கிடங்கு யாருக்குத் தேவைப்படுகிறது? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

தேவராஜ் தம்பி ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி, சபை கேட்கட்டும்.

“அண்ணே, விதின்னு ஒண்ணு இருக்குல்ல? ஆயிரம் மைலுக்கு அப்பால இருந்து வேற எப்படித்தான் பாக்கறது?”

நேர்மையான கேள்வி. பதிலும் நேர்மையாகச் சொல்கிறேன். பார்க்க முடியாது தம்பி! இங்கிருந்து அந்த வீடுகளைப் பார்க்கவே முடியாது. கதவைப் பார்க்கலாம், கனலைப் பார்க்க முடியுமா? பூட்டைப் பார்க்கலாம், பானையைப் பார்க்க முடியுமா? எந்த வீடு காலி, எந்தக் கூரை ஒழுகுகிறது, யார் குடிவரலாம், யார் வரக்கூடாது என்பதையெல்லாம் அந்த மக்களே கூடிச் சொல்லட்டும். நாம் தகரம் அனுப்புவோம், ஆணி அனுப்புவோம், அத்தோடு நம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். உதவி என்ற பெயரில் உரிமையைத் தொடாதிருப்போம்!

நல்லவர்கள் கூடித்தான் இந்தத் தாளை எழுதினோம். அதனால்தான் எனக்குப் பயம். கெட்டவன் நீட்டும் தாளை நாம் நாலுமுறை படிக்கிறோம். நல்லவன் நீட்டினால் கையெழுத்துப் போடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன்.

தலைவர் அவர்களே, அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். பேனாவும் வேண்டும். இதோ, எல்லோரும் பாருங்கள், என் கையெழுத்தை அடிக்கிறேன். அடித்துவிட்டேன். இதற்குக் கீழே இன்னும் ஆறு பேர் போட்டிருக்கிறார்கள். ஆறு பேரும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு இறங்குகிறேன். மூடி போடவில்லை.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையில் குட்டிய மைமூன் ராத்தாவுக்கும், எதிர்த்துக் கேட்ட தம்பிக்கும், இன்று மலையில் விறகு சுமக்கும் டோ நாங் சின்னுக்கும் என் நன்றி. அனைவர்க்கும் சலாம், வணக்கம், மிங்கலாபா.