பன்னிரண்டு சுற்றுச் சோக்கு

துர்கா: இப்ப வருதாக்கா?

அம்சவல்லி: வருது.

துர்கா: டிவியில சத்தம் வெச்சிருக்கீங்கல்ல?

அம்சவல்லி: வெச்சிருக்கேன். மாமியாக்காரி அழுவுறா. அவ அழுவுறதுக்கு மேல உன் கொர்ருதான் கேக்குது.

துர்கா: கொர்ருன்னா... விட்டு விட்டா, ஒரே இழுப்பா?

அம்சவல்லி: கொர்ருன்னா கொர்ருதான். மாடியில நின்னுக்கிட்டு இப்படிக் கத்துறியே, பக்கத்து வூட்டுல என்னா நெனப்பாங்க?

துர்கா: உங்க போன்ல சார்ஜ் இல்லன்னீங்களே... இருங்க, எழுதிக்கறேன். பொட்டி நம்பர் ஒண்ணு, சாயங்காலம் அஞ்சு நாப்பது, எரைச்சல் உண்டு.

அம்சவல்லி: அந்த நோட்டுல என் இருமலக்கூட எழுதி வெச்சிருப்ப.

துர்கா: ஒரு எடத்துல இருக்குது. பதினாலாந் தேதி. இருமலா எரைச்சலான்னு சந்தேகம் வந்துச்சு.

அம்சவல்லி: மாடி ரூமுக்கு ஒரு ஆளு குடி வெச்சேன் பாரு, என்னையச் சொல்லணும். செராமிக் யூனிட்ல வேல, சாயங்காலம் கிளாஸுன்னு சொன்ன. கம்ப்யூட்டர் கிளாஸாக்கும்னு நெனச்சேன். ஹாம் ரேடியோன்னு யாருக்குத் தெரியும்?

துர்கா: லைசென்ஸ் வாங்கினப்ப உங்களுக்குத்தான மொதல்ல ஸ்வீட்டு குடுத்தேன்.

அம்சவல்லி: குடுத்த. மறுநாளே மொட்டமாடி குறுக்கால ஒயரக் கட்டிட்ட. இது எத்தினியாவது சோக்கு? டியூப் லைட்டுக்கே ஒண்ணுதான் போடுவாங்க.

துர்கா: மூணாவது. மொதல்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்லேருந்து எடுத்த மஞ்ச வளையம். அது இந்த வேலைக்கு ஆவாதுன்னு சுத்தி முடிச்சப்புறம்தான் மதிவாணன் சார் கிளாஸ்ல சொன்னாரு. அப்புறம் வெள்ளப் பைப்பு மேல கேபிளையே சுத்தி மாட்டினேன். இப்ப கூரியர்ல வந்த கருப்பு வளையம். ஒவ்வொண்ணையும் சின்னப் பொட்டியில போட்டு நம்பர் எழுதி வெச்சிருக்கேன்.

அம்சவல்லி: அது என்னாதான் பண்ணும்?

துர்கா: ரேடியோ செட்டுலேருந்து கேபிளுக்கு உள்ளார போற கரண்ட்டு மேல ஒயருக்குப் போயிடணும். அதுல கொஞ்சம் கேபிளோட வெளித்தோலப் புடிச்சிக்கிட்டு கீழயே எறங்கி வந்துடுது. அதுதான் உங்க டிவியில பூந்து கத்துது. கேபிள வளையத்துல பன்னெண்டு சுத்து சுத்திட்டா, தோல் மேல வர்றது அங்கயே நின்னுடும். உள்ள போறது அது பாட்டுக்குப் போவும்.

அம்சவல்லி: நின்னுச்சா?

துர்கா: ...நீங்கதான் சொல்லணும்.

அம்சவல்லி: நிக்கல.

துர்கா: பத்து சுத்தா கொறச்சுப் பாத்தேன், பதினாலா ஏத்திப் பாத்தேன். சுத்து நெருக்கமா போச்சோ, ஈயம் பத்த வெச்ச எடம் சரியில்லையோ... கிளாஸ்ல மத்தவங்களுக்கெல்லாம் ஒரே தடவையில வந்துடுச்சு. என் கையிலதான் எதோ இருக்குது.

அம்சவல்லி: இன்னைக்கி சனிக்கெழம. என்னா பேசிக்கிட்டோம்?

துர்கா: சனிக்கெழமைக்குள்ள எரைச்சல் நிக்கலன்னா ஒயர எறக்கிடணும்னு. மறக்கலக்கா. நாளைக்கி காலையில ஏழு மணிக்கு நான் செட்டுல மொத தடவ பேசணும். மழ சீசனுக்கு முன்னாடி எந்த ஊர்லேருந்து யாரு குரலு கேக்குதுன்னு பாக்குறாங்க. புயல்ல போன் டவரெல்லாம் படுத்துட்டா இந்த செட்டுதான். விருத்தாசலத்துக்கு என் பேர எழுதியிருக்காங்க.

அம்சவல்லி: ஊருல வேற ஆளே இல்லியா?

துர்கா: இருந்திருந்தா என் பேர எழுதியிருப்பாங்களா?

அம்சவல்லி: சரி சரி. அடுத்த பொட்டிய மாட்டு.

துர்கா: மாட்டிட்டேன். நம்பர் ரெண்டு. பேசுற பட்டன அமுத்துறேன்... இப்ப?

அம்சவல்லி: ம்... வருது. ஆனா கொஞ்சம் கம்மி.

துர்கா: கம்மியா?

அம்சவல்லி: ஆமாங்கிறேன். இது நல்ல வளையம் போலருக்குது.

துர்கா: இன்னொரு தடவ நல்லாக் கேட்டுச் சொல்லுங்கக்கா.

அம்சவல்லி: எனக்கு என்னா காது செவுடா? கம்மிதான்.

துர்கா: சரி... திரும்ப ஒண்ணாம் நம்பர் மாட்டுறேன்... ஆச்சு... இப்ப?

அம்சவல்லி: வருது. முன்னய விட ஜாஸ்தி.

துர்கா: ...

அம்சவல்லி: என்னா, சத்தத்தையே காணோம்? எழுதுறியா?

துர்கா: இல்ல. கீழ வரேன்.

அம்சவல்லி: வா. டீ போட்டு வெச்சிருக்கேன்... ஏன் மொகம் இப்படி இருக்குது?

துர்கா: தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்க யூனிட்ல இன்சுலேட்டர் செக் பண்றப்ப, சூப்பர்வைசர் நடுவுல கீறல் விட்ட பீஸு ஒண்ண வேணும்னே வெச்சிடுவாரு. பாக்குறவங்க நெசமாவே பாக்குறாங்களான்னு தெரிஞ்சிக்க.

அம்சவல்லி: அதுக்கென்னா?

துர்கா: ரெண்டாம் நம்பர் வளையம் கூரியர்ல வந்தது இல்ல. அந்தக் கருப்பு வளையமும் ஒரு வக செராமிக்தான்னு புக்குல படிச்சேன். நம்ம ஊருல இல்லாத சூளையான்னு, யூனிட்ல மிஞ்சின மண்ண எடுத்து நானே புடிச்சி, சுட்டு, பெயிண்ட்டும் அடிச்சிட்டேன். மதிவாணன் சார் பாத்துட்டு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அது வெறும் மண்ணுக்கா. எதையும் தடுக்காது. அதுக்குத்தான் கம்மின்னீங்க.

அம்சவல்லி: எனக்குக் கம்மியாத்தான் கேட்டுச்சு. என்னைய டெஸ்ட் பண்ணியா நீ?

துர்கா: உங்கள இல்ல, என்னயத்தான்... அப்படி நெனச்சித்தான் ஆரம்பிச்சேன். கடைசி தடவ நான் அமுத்தவே இல்ல. செட்டு ஆஃப்ல இருந்துச்சு. முன்னய விட ஜாஸ்தின்னீங்க.

அம்சவல்லி: அப்ப நான் பொய் சொல்றேங்கிற.

துர்கா: இல்லக்கா... வேற எதாவது எரைச்சலா இருக்கும். ஃபேன் ரெகுலேட்டரு... பக்கத்து வூட்டு மோட்டாரு... நான்தான் அவசரப்பட்டு...

அம்சவல்லி: நிறுத்து. புடிச்சதும் நீயே, எனக்கு சாக்கு தேடிக் குடுக்குறதும் நீயே. மொத வாரம் நெசமாவே வந்துச்சு. நீ வெள்ளப் பைப்புல சுத்தி மாட்டினியே, அன்னையோட நின்னுபோச்சு.

துர்கா: வெள்ளப் பைப்பா... அது பதினொண்ணாந் தேதி. இன்னைக்கி முப்பது.

அம்சவல்லி: ம்.

துர்கா: பத்தொம்போது நாளா கை சரியில்ல, கை சரியில்லன்னு பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருக்கேன்க்கா.

அம்சவல்லி: தெரியும். மொளகா எடுக்க மாடிக்கி வந்தப்ப நோட்டு தெறந்து கெடந்துச்சு. நான் இதுக்கு லாயக்கில்லையோன்னு எழுதியிருந்த.

துர்கா: படிச்சிட்டுமா சொல்லல?

அம்சவல்லி: சொல்லிடலாம்னுதான் அன்னைக்கி சாயங்காலம் பாதிப் படி ஏறினேன். நீ கைப்பிடிச் சுவரு மேல நின்னுக்கிட்டு, வெறுங்கையால அந்த ஒயரப் புடிச்சி இழுத்துக்கிட்டு இருந்த. அப்படியே எறங்கிட்டேன்.

துர்கா: ஏன்?

அம்சவல்லி: ...காக்கா வந்து உக்காருது அதுல.

துர்கா: அக்கா.

அம்சவல்லி: வூட்டு அழகு கெட்டுப்போவுது. போதுமா?

துர்கா: இதெல்லாம் நோட்டுல எழுத முடியாது.

அம்சவல்லி: எழுதாத.

துர்கா: பயமா உங்களுக்கு? அதுல ஒண்ணும் இல்லக்கா. நான் அமுத்தினாத்தான் எதாவது போவும். ஆஃப்ல இருந்தா துணி காயப்போடுற கொடி மாரிதான்.

அம்சவல்லி: ஆஃப்லதான் இருக்குதுன்னு எப்படித் தெரியும்?

துர்கா: நான்தான ஆஃப் பண்றேன்.

அம்சவல்லி: ...டீ ஆறிப்போவுது, குடி.

துர்கா: வேணாங்க்கா. உங்க வூடு, உங்களுக்குப் புடிக்கல. காரணம் சொல்லித்தான் ஆவணும்னு இல்ல. இருட்டுறதுக்குள்ள ஒயர எறக்கிடறேன். வேற ஊரு ஆளப் போட்டுக்கச் சொல்லி சாருக்கு மெசேஜ் போட்டுடறேன்.

அம்சவல்லி: கோவமா?

துர்கா: கோவம் வந்தா நல்லாத்தான் இருக்கும். வர மாட்டேங்குது.

அம்சவல்லி: பாத்து ஏறு.

துர்கா: ...அக்கா, மேல வந்துட்டேன். மீட்டர் பொட்டிக்குப் பக்கத்துல என் செட்டுக்கு வர்ற சுச்சு இருக்குதுல்ல, அத மட்டும் ஆஃப் பண்ணிடுங்க.

அம்சவல்லி: ...

துர்கா: பண்ணிட்டீங்களா?

அம்சவல்லி: எறங்கி வா.

துர்கா: சுச்சுதானக்கா. ரெண்டாவதா இருக்குது பாருங்க.

அம்சவல்லி: துர்கா, அந்த ஒயரத் தொடாத. எறங்கி வா.

துர்கா: தொடல, கைய எடுத்துட்டேன். இதோ வந்துட்டேன்... என்னாக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க மொதல்ல. தண்ணி கொண்டாரேன்.

அம்சவல்லி: தண்ணி வேணாம். ஒயரு இருக்கட்டும். காலையில பேசு, நானும் கேக்குறேன். ஆனா சுச்ச எப்பவும் நீயே வந்து அமுத்திட்டு, நீயே பாத்துட்டு ஏறு. மேல நின்னுக்கிட்டு என்னைய மட்டும் கேக்காத.

துர்கா: ஏங்க்கா?

அம்சவல்லி: எங்க வூட்டுக்காரரு மாரடைப்புல போயிட்டாருன்னு உங்கிட்டயும் சொல்லியிருக்கேன், ஊருக்கும் சொல்லியிருக்கேன். அதில்ல. மேல தொட்டிகிட்ட மோட்டாருக்கு ஒயரு மாத்த ஏறினாரு. அங்கேருந்து இப்படித்தான் கேட்டாரு, ஆஃப் பண்ணிட்டியான்னு. நான் தெரியாம பக்கத்து சுச்ச அமுத்திட்டு, பண்ணிட்டேன்னு சொன்னேன்.