மாங்கனி உடைத்த கண்ணாடி

குஞ்சிதபாதம்: மெட்ராஸ் டிவிலேருந்து வர்றேன்னியே, அட்டை இருக்கா?

சிங்காரவேலன்: இருக்குங்கய்யா. இந்தாங்க.

குஞ்சிதபாதம்: சிங்காரவேலன்... எடிட்டர்... படத்துல தாடி இருக்கு. உனக்கு இல்ல.

சிங்காரவேலன்: எடுத்துட்டேங்க. ஒரு மாசம் ஆச்சு.

குஞ்சிதபாதம்: எம் பையன் போயும் ஒரு மாசம்தான் ஆச்சு.

சிங்காரவேலன்: ...ஆமாங்க.

குஞ்சிதபாதம்: சரி. என்னத்துக்குக் கையெழுத்து? இன்னொரு தடவ சொல்லு.

சிங்காரவேலன்: கலை கடைசியா பேசின நிகழ்ச்சிங்க. விபத்துக்கு நாலு நாள் முன்னாடி எடுத்தது. இன்னும் ஒளிபரப்பாகல. ஆளு இல்லாததால வீட்டுல சம்மதம் வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க. நீங்க போடலேன்னா வெள்ளிக்கிழமை அதத் தூக்கிடுவாங்க. அப்புறம் யாருமே பாக்க முடியாது.

குஞ்சிதபாதம்: யாரு, கலையா?

சிங்காரவேலன்: கலைவாணன் சார்.

குஞ்சிதபாதம்: மொதல்ல கலைன்ன.

சிங்காரவேலன்: ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தாங்க...

குஞ்சிதபாதம்: என்ன பேசிருக்கான் அதுல?

சிங்காரவேலன்: வழக்கம்போலத்தாங்க.

குஞ்சிதபாதம்: வழக்கம்போலன்னா? நான் எதையும் பாத்ததில்ல. நம்ம வீட்டு டிவி ஓடியே ரெண்டு வருசம் ஆகுது.

சிங்காரவேலன்: அவரு... தனக்கு ஆம்பளயத்தான் பிடிக்கும்னு மேடையில ஒளிவு மறைவு இல்லாம சொல்வாருங்க. அத வச்சே எல்லாரையும் சிரிக்க வைப்பாரு.

குஞ்சிதபாதம்: அதான் ஊரே சொல்லுதே. கோட்டுச்சேரி பஸ்ஸுல ஏறுனா ரெண்டு பேரு திரும்பிப் பாக்குறான். போதாதா? செத்தவன மறுபடி கொண்டாந்து காட்டணுமா? படத்துக்கு மாலையப் போட்டு, அழுவுற மியூசிக்கப் போட்டு, நடுவுல சோப்பு விளம்பரம்...

சிங்காரவேலன்: மியூசிக் போட விடமாட்டேங்க.

குஞ்சிதபாதம்: நீ யாரு விடாம இருக்குறதுக்கு? முதலாளியா?

சிங்காரவேலன்: வெட்டி ஒட்டுறவன் நான்தாங்க. சிரிச்ச மூஞ்சியோடதான் முடிப்பேன்.

குஞ்சிதபாதம்: ம்... காப்பியக் குடி. ஆறிப்போவுது.

சிங்காரவேலன்: ஐயா, உங்க டம்ளர்லயும் சீனி போட்டுட்டீங்களே. நீங்க குடிக்கக் கூடாதுல்ல?

குஞ்சிதபாதம்: எனக்குச் சர்க்கரை இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?

சிங்காரவேலன்: வயசானவங்கன்னு... பொதுவா சொன்னேங்க.

குஞ்சிதபாதம்: பொதுவா. வர்றப்ப நிலைப்படியில குனிஞ்சு வந்தியே, அதுவும் பொதுவாத்தானா? மொத தடவ வர்ற எவனும் இங்க தலைய இடிச்சுக்காம உள்ள வந்ததில்ல.

சிங்காரவேலன்: அது... கலை மேடையில சொல்லிருக்காருங்க. எங்கப்பா வீட்டு நிலை ஆளப் பாத்துக் குட்டு வைக்கும்னு.

குஞ்சிதபாதம்: மேடையில அத அவன் சொன்னதே இல்ல.

சிங்காரவேலன்: ...நீங்க எதையும் பாத்ததில்லன்னீங்க?

குஞ்சிதபாதம்: ஊருல சொன்னாங்க.

சிங்காரவேலன்: சொல்லாததையுமா ஊருல சொன்னாங்க?

குஞ்சிதபாதம்: ஏய், நான் கேக்குறவன், நீ சொல்ல வந்தவன். எந்த ஊரு நீ? மெட்ராஸ்ன்ன, பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே.

சிங்காரவேலன்: காரைக்கால் டவுன்தாங்க. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அம்மாவும் அக்காவும் பாரீஸ்ல இருக்காங்க.

குஞ்சிதபாதம்: பட்டாளத்துச் சொல்தா குடும்பமா! அப்ப உனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு இருக்கும். வச்சுக்கிட்டு இங்க என்ன பண்ற?

சிங்காரவேலன்: போக மனசு வரலீங்க.

குஞ்சிதபாதம்: ஏன்?

சிங்காரவேலன்: ...வேலைங்க.

குஞ்சிதபாதம்: அவன் அடிபட்ட அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுனவன் பேரு சொல்லல. நீயா?

சிங்காரவேலன்: ஆபீஸ்லேருந்து யாராவது பண்ணிருப்பாங்க.

குஞ்சிதபாதம்: ஆபீஸ்காரன் அழுதுக்கிட்டா பேசுவான்? நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஆளக் காணும். ராத்திரி பூராவும் பக்கத்துல ஒரு கண்ணாடி போட்ட தம்பி உக்காந்திருந்துச்சுன்னு நர்ஸம்மா சொன்னாங்க.

சிங்காரவேலன்: கண்ணாடி போட்டவங்க நெறய பேரு இருக்காங்கய்யா.

குஞ்சிதபாதம்: இருக்காங்க, இருக்காங்க. சரி, அந்தக் கடைசி நிகழ்ச்சியில என்னதான் சொல்றான்?

சிங்காரவேலன்: மாங்கனித் திருவிழா கதைதாங்க. ஏற்கெனவே சொன்னதுதான். சாமி ஊர்வலம் வருது, மாடியிலேருந்து சனங்க வேண்டிக்கிட்டு மாங்கா எறியிறாங்க. ஒரு மாங்கா வந்து கலை பக்கத்துல நின்ன ஒருத்தன் மூஞ்சியில விழுந்து கண்ணாடி நொறுங்கிடுது. கண்ணு தெரியாதவனக் கையப் பிடிச்சு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறாரு. புதுக் கண்ணாடி போட்டதும் அவன் இவர் கைய இன்னும் இறுக்கி...

குஞ்சிதபாதம்: தப்பாச் சொல்ற. "புதுக் கண்ணாடிய மாட்டுனான். எம் மூஞ்சியத் தெளிவாப் பாத்தான். அப்பவும் கைய விடல." அப்படிச் சொல்லிட்டு ஒரு நிமிசம் சும்மா நிப்பான். அங்கதான் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிங்காரவேலன்: ஐயா...

குஞ்சிதபாதம்: கோட்டுச்சேரி சலூன்ல டிவி இருக்கு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போவேன். தலையப் பாரு, இதுல வெட்டுறதுக்கு என்ன இருக்கு? கடைக்காரன் ஒரு வார்த்த கேக்க மாட்டான். சும்மாவே கத்திரியச் சத்தம் போட்டுக்கிட்டு நிப்பான்.

சிங்காரவேலன்: கலைக்கு இது தெரியுமா?

குஞ்சிதபாதம்: சொல்லல. பொங்கலுக்கு வந்தப்ப சொல்லிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு... சரி விடு. பழைய கதைக்கு எதுக்குப் புதுக் கையெழுத்து?

சிங்காரவேலன்: இந்தத் தடவ கடைசியில அந்த ஆளோட பேரச் சொல்றாருங்க.

குஞ்சிதபாதம்: என்ன பேரு?

சிங்காரவேலன்: உங்களுக்குச் சங்கடமா இருந்தா அந்த எடத்த நானே வெட்டிடுறேங்க. அவரு மட்டும் இருந்தா போதும். பேரு வேணாம்.

குஞ்சிதபாதம்: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

சிங்காரவேலன்: அத வெட்டிடுறேங்கய்யா.

குஞ்சிதபாதம்: கண்ணாடியக் கழட்டு.

சிங்காரவேலன்: எதுக்குங்க?

குஞ்சிதபாதம்: கழட்டுய்யா. இப்படிக் குடு. எந்திரி... வாசலுக்கு நட.

சிங்காரவேலன்: எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. வாசல் எந்தப் பக்கம்னே...

குஞ்சிதபாதம்: அதே மாரிதான். ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டு... அதே தடவல்.

சிங்காரவேலன்: எப்பங்க? நீங்க எங்கேருந்து பாத்தீங்க?

குஞ்சிதபாதம்: மொதல்ல எங் கையப் பிடிச்சுக்க, நிலையில இடிச்சுக்கப் போற. அந்தக் காயிதத்தக் குடு. போட்டுத் தர்றேன். பேர வெட்டாத.

சிங்காரவேலன்: ஐயா... எங்கேருந்து பாத்தீங்க?

குஞ்சிதபாதம்: பாரதியார் வீதி மொட்டமாடியிலேருந்து. எம் பையன் இப்படித் தனியா நிக்கிறானே, ஒரு துணையக் குடுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டு, பையனப் பாத்துத்தான் எறிஞ்சேன். குறி தப்பிட்டுன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன், தம்பி.