கிழவிச் சட்டை

– ...அப்ப உனக்கு நாலு வயசு. என் தோள்ல உக்காந்துக்கிட்டு, "அப்பா, நான் பெரிசாக ஆக நீ சின்னதாயிடுவியா?"ன்னு கேட்ட. ஆமான்னேன். "அப்ப உன்ன நான் தூக்கிக்குவேன். நீ அழுதாலும் எறக்கி விடமாட்டேன்"னு சொன்ன.

– இந்தக் கதைய நூறு தடவ சொல்லிட்டீங்கப்பா. இந்தப் பட்டைய இன்னும் இறுக்கிக் கட்டுங்க. முட்டி மடங்கவே கூடாது.

– இருடி. யாரு தைச்சது இத? அக்குள்ல பிடிக்குது, ஓரமும் ஒழுங்கா அடிக்கல. முப்பது வருஷம் தையல் மெஷின் மிதிச்சவன் வீட்டுக்குள்ள இப்படி ஒரு சட்டையா!

– காலேஜ்ல குடுத்ததுப்பா. இதப் போட்டா எழுபத்தஞ்சு வயசு ஆன மாதிரி இருக்கும். டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு முதுமைன்னா என்னன்னு புக்குல மட்டும் தெரிஞ்சாப் போதாதாம், உடம்புக்கும் தெரியணுமாம். காலுக்கு ரெண்டு ரெண்டு கிலோ, முதுகக் கூன வெக்கிற பட்டை, மங்கல் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்.

– கிழவிச் சட்டைன்னு சொல்லு.

– நான் வீட்டு வேலை செய்வேன். நீங்க பாத்து இந்த ஃபாரத்த நிரப்பணும். அவ்வளவுதான். எந்திரிக்காதீங்க.

– எந்திரிச்சு எங்க ஓடப்போறேன்? நடங்க டாக்டரம்மா.

– ஐயோ... தரையே தெரியலப்பா. நாற்காலி எங்க?

– வலது பக்கம், ரெண்டடி. வாங்க பாட்டி, வாங்க. ஏன் இப்படித் தள்ளாடுறீங்க? மருமக சரியா சோறு போடலையா?

– சிரிக்காதீங்க! நான் உக்காந்து எந்திரிக்கிறேன், எத்தனை செகண்டுன்னு எழுதுங்க.

– பதினாலு. பரவாயில்லையே. எனக்கு இருபது ஆகுது.

– உங்களோட யாரு ஒப்பிடச் சொன்னா? உங்களுக்கு அம்பத்தொண்ணு. புக்குப்படி நடு வயசு.

– அந்தப் புக்க எழுதினவன வாரத்துக்கு மூணு நாள், நாலு மணி நேரம் கையில ஊசியோட கட்டிப் போட்டுப் பாரு. நடு எது, கடைசி எதுன்னு மாத்தி எழுதுவான்.

– டயாலிசிஸ்னா அப்படித்தான் இருக்கும். நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி சொல்லியிருக்கேன். போன வாரம் மாதிரி தலை சுத்துதுன்னு நழுவப் பாக்காதீங்க.

– பாப்பா...

– ம்?

– நாளைக்கு வேணாம்மா.

– என்ன? காது அடைச்சிருக்குப்பா. சத்தமா சொல்லுங்க.

– ஒண்ணுமில்ல. தண்ணி கேட்டேன்.

– இன்னிக்குக் குடிக்கக்கூடிய அளவு முடிஞ்சுது. ஐஸ் கட்டி ஒண்ணு தர்றேன், வாயில வெச்சுக்கோங்க. இருங்க... இந்தக் கையுறைய மாட்டிக்கிட்டு... போச்சு. கீழ விழுந்துடுச்சு. குனிய முடியல.

– விடு. கெடந்து உருகட்டும்.

– அதையும் எழுதுங்க.

– எழுதிட்டேன். அந்த ஜன்னல்கிட்ட போய் நின்னு துணிய மடி பாப்பா. வெயில் சாயறதுக்குள்ள ஒரு தடவ பாத்துக்குறேன்.

– என்னத்தப் பாக்கணும்? ...அப்பா? எழுதுறீங்களா இல்லையா?

– என் அளவு நோட்டுல உனக்குத் தனியா பக்கம் இருக்கு, தெரியும்ல? பொறந்த மூணாம் நாள்லேருந்து வருஷா வருஷம் தோளு, மார்பு, கை நீளம். இருபது வயசோட நிக்குது. அதுக்கு மேல என் கண்ணுல படாதுன்னுதான் நெனச்சேன். இப்ப பாத்துட்டேன். உனக்கு இப்படிக் கூன் விழுந்தா முதுகுல ரெண்டு இஞ்சு கூட வெச்சு, முன்னாடி குறைக்கணும். இல்லன்னா ரவிக்க பின்னாடி தூக்கும்.

– போதும்பா. கழட்டுறேன்.

– கழட்டாத. இன்னும் கொஞ்ச நேரம் கிழவியாவே இரு.

– எதுக்கு?

– ஒண்ணு கேக்கணும். இருபது வயசுப் புள்ளகிட்ட கேக்க வாய் வரல. ஒரு வருஷமா நாக்கு நுனியில வெச்சுக்கிட்டு முழுங்குறேன். எழுபத்தஞ்சு வயசுப் பொம்பளகிட்ட கேக்கலாம். அவங்க எல்லாத்தையும் பாத்தவங்க.

– எனக்கு ஒண்ணும் கேக்கல. காது அடைச்சிருக்கு.

– அடைப்பான எடு.

– மாட்டேன். முன்ன சொன்னதே கேட்டுச்சு. நீங்க தண்ணி கேக்கல.

– கேட்டுச்சா? அப்புறம் ஏன் கேக்காத மாதிரி இருந்த?

– கேட்டேன்னா பதில் சொல்லணும்ல! நான் டாக்டராயிடுறேன்பா. எட்டே வருஷம். அது வரைக்கும் ஓட்டிடுங்க. அதுக்குள்ள ஏதாவது...

– வேற கிட்னி வெக்கிற ஆபரேஷன இந்த இதயம் தாங்காதுன்னு ஆஸ்பத்திரில சொன்னப்ப நீயும் பக்கத்துலதான் உக்காந்திருந்த. குறிப்பு கூட எழுதிக்கிட்ட.

– எழுதுனேன். அதுக்காக?

– எட்டு வருஷம்னா எத்தனை ஊசின்னு நீயே சொல்லு. போன மாசம் மெஷின்லேருந்து எறங்கி வந்து உன் பேரு ஞாபகம் வராம உக்காந்திருந்தேன். உன்கிட்ட சொல்லல.

– அப்பா, ப்ளீஸ்.

– என் இடுப்பு முப்பத்தாறுலேருந்து இருபத்தெட்டுக்கு வந்துடுச்சு. நேத்து குளிக்க வெக்க என்னைய ஒரே தூக்கா அள்ளிட்ட. மூச்சு கூட வாங்கல உனக்கு.

– அதனால என்ன? தினமும் அள்ளுவேன். எனக்கு என்ன கஷ்டம்?

– எனக்குத்தான் கஷ்டம்.

– மெல்ல பேசுங்க.

– காது அடைச்சிருக்குன்னியே. சத்தமாவே சொல்றேன். பாட்டியம்மா, நாளைக்கு வண்டி வேணாம்னு சொல்லிடுங்க. அதுக்கப்புறமும் வேணாம். அந்த மெஷின் எனக்குப் போதும்.

– நான் என்ன சொல்லணும்ப்பா? என்னால எப்படி...

– நீ பெரிசாயிட்ட பாப்பா. நான் சின்னதாயிட்டேன். தூக்கினது போதும், எறக்கி விட்டுடு.