இல்லாத பால்கனியை இல்லை என்றவருக்கு

பாய்ந்தோடும் குதிரைகளையும் புழுதி பறக்கும் பாதைகளையும் பத்து சென்ட் கதைப் பத்திரிகைகளின் அட்டையில் பதித்த பண்பாளரே! பாழடைந்த கட்டடங்களுக்காகப் படியேறிப் பரிந்து பேசிய பெருந்தகையே! பிட்டர் கிரீக் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் தலைமையேற்று நடத்தி, இன்று விடைபெறும் ஆர்வில் டிரெஸ்லர் அவர்களே! வணக்கம்.

இருநூறு அட்டைகள் வரைந்தீர்கள். அத்தனையிலும் இருப்பவை எங்கள் ஊராரின் முகங்கள். கறிக்கடை கஸ் உங்கள் தூரிகையால் கொள்ளைக்காரனாகப் பதினோரு முறை சுடப்பட்டார். "யோவ் ஆர்வில், ஒரு தடவையாவது என்னைப் பொழைக்க விடுய்யா! சர்ச்சுல தலைகாட்ட முடியலன்னு என் பொண்டாட்டி அழறா" என்று அவர் புலம்ப, அடுத்த மாத அட்டையிலேயே அவர் நெஞ்சில் ஊர்க்காவல் அதிகாரியான ஷெரீஃபின் நட்சத்திரத்தைக் குத்தினீர்கள். அன்பின் அழகே!

சென்ற மாதம், பழைய குதிரைவண்டி விடுதியை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்க மாவட்ட மன்றம் முனைந்தது. விடுதியின் பழைய தோற்றத்துக்குச் சான்றாக, உங்களைக் கேட்காமலே, உங்கள் அட்டைப்படம் ஒன்றை மனுவில் இணைத்தோம். மன்றத்தினர் அதிலிருந்த பால்கனியில் மயங்கி, விடுதியை இடிக்காமல் விடும் ஆணையில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள்.

"உட்காருங்க ஆர்வில், கையெழுத்து ஆகட்டும்!" என்று நம் சங்கச் செயலாளர் வெர்னா உங்கள் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அந்த பால்கனி அங்க எப்பவுமே இல்லீங்க. கஸ் குண்டடிபட்டு விழ ஒரு இடம் வேணும்னு நானா போட்டது" என்றீர்கள்.

பேனா மூடப்பட்டது. முடிவு வரும் வியாழனுக்குத் தள்ளிப்போனது. திரும்பும் வழியில் எங்களில் ஒருவரும் உங்களோடு பேசவில்லை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நீங்களோ மறுநாளே, நடுங்கும் கையால் விடுதியின் மெய்யான முகப்பை விரிசல் முதற்கொண்டு வரைந்து, காட்டுச்செர்ரி ஜாம் ஒரு பாட்டிலோடு வெர்னாவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். கோபித்தவர்க்கும் குறைவைக்காத குணக்குன்றே!

வியாழன் நெருங்குகிறது. எங்களுக்கு உறக்கமில்லை. நீங்கள் வரைந்த அந்த எளிய சுவரை மட்டும் மன்றத்தில் காட்டி, நீங்கள் இல்லாமல், வெர்னா பேச வேண்டும். விடுதி போனாலும் உண்மை போதும் என்று சொல்லும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதை அருளும்படியே ஆண்டவரிடம் மன்றாடுகிறோம்.

நடுக்கம் தணிந்து, நலம் நிறைந்து, நெடுங்காலம் நீங்கள் எங்களோடு இருக்க வேண்டும். வியாழன் மாலை உங்கள் கதவைத் தட்டுவோம். என்ன செய்தியோடு வருவோமோ, தெரியாது. நடந்ததை நடந்தபடியே சொல்வோம்.

என்றும் உங்கள் அன்பில்,
வெர்னாவும் சங்கத்தாரும்
பிட்டர் கிரீக்