ஆடி மாத மண்டபம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டு மச்சானும் மாமாவும் பேசியதிலிருந்து:

1. மச்சான் சொந்தமாகக் கட்டும் குட்டி விமானத்தின் இறக்கைகள் பெட்டியில் வந்தன.
2. பெட்டி நீளம், ஏற்றி வந்த லாரி அவர் தெருவுக்குள் திரும்பவில்லை.
3. ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் மாமாவின் கீரப்பாளையம் மண்டபத்தில் இறக்கினார்கள்.

“ஃபேன் போட்டா பந்தி டேபிள் மேல இறக்கை லேசா ஆடுது மாமா. பார்த்துக்கிட்டே உக்காந்துட்டேன்.”

“நல்லா உக்காந்த. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு மண்டபம் காலியாவணும் மச்சான்.”

“வெளிய வச்சா மழையில வீணாப்பூடும் மாமா.”

மச்சான் மாமா பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“அந்த மொத முகூர்த்தக் கல்யாணப் பொண்ணு ஊட்டுல நேத்தே கேட்டுட்டேன் மாமா. மேடை ஓரமா நிக்கட்டும், பூ நாங்களே சுத்திக்கிறோம்னு அந்தப் பொண்ணு சொல்லுது.”

இறக்கைகள் மண்டபத்திலேயே இருக்கும். வால் இன்னும் வரவில்லை.